சுனையோர் நின்ற வரிசை

மாங்கரைவயலுக்குப் போய் மணிமேகலை டீச்சர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். நீர்பாய்ச்சி மகள் வீடு என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். உள்ளூர் அரசுப் பள்ளியில் பதிமூன்று வருஷமாக டிராயிங் டீச்சர். சென்னையில் நான்கு வருஷம் செராமிக் படித்துப் பட்டம் வாங்கியவள். அந்த ஊரிலிருந்து பட்டணத்துக் காலேஜுக்குப் போன முதல் பெண். இதெல்லாம் ஒரு தட்டில். அவள் அப்பா கண்மாய் மடையைத் திறந்து மூடுகிறவர் என்பது இன்னொரு தட்டில். எந்தத் தட்டு இறங்கும் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

டீச்சர் என்றாலும் பகுதிநேரம்தான். வாரத்துக்கு மூன்று அரைநாள். ஒவ்வொரு வருஷமும் தலைமையாசிரியர் ‘பணி திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஜூனில் பள்ளிக்கூட வாசலை மிதிக்கலாம். நடுவில் அறந்தாங்கிப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் இருந்தாள். “மண்ணைப் பெசையுறவளுக்குச் சோறு பெசைய வரலை” என்று மாமியார் நாலு பேர் முன்னால் சொன்ன அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்ப ஆவுடையார்கோவில் பஸ் ஏறிவிட்டாள். போகட்டும், அந்தக் கதை நமக்கு வேண்டாம். இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. வீட்டில் அவளும் அப்பாவும்தான்.

அப்பா சேவுகனுக்கு எழுபத்திரண்டு வயது. ஊர்க் கண்மாயில் மூன்று மடை. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்கிற கணக்கு முழுக்க அவர் மண்டைக்குள் இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் முங்கி மடைப் பலகையைத் தூக்க அவரை விட்டால் ஆளில்லை. அவர் ஒரு நாள் படுத்துவிட்டால் கடைமடை காய்ந்து போகும். ஊரே அவர் தயவில் சோறு தின்கிறது என்றால் அதில் பொய்யில்லை. ஆனால் வைகாசியில் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிற அன்றைக்குப் பார்க்க வேண்டும்.

மாங்கரைவயலில் பதினோரு கரை. கரை என்றால் பங்காளிக் கூட்டம். ஒவ்வொரு கரைக்கும் சாமி காரியத்தில் தூக்குவதற்கு ஒரு பொருள் உண்டு. முதல் கரை விளக்கு, இரண்டாம் கரை அரிவாள், மூன்றாம் கரை மணி, அப்புறம் குடை, சாமரம் என்று போகும். பூசாரி கரையின் பேரைச் சொல்லிக் கூப்பிட, அதே வரிசையில் வந்து விபூதி வாங்குவார்கள். இந்த வரிசைக்காக அந்த ஊரில் மண்டை உடைந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு வருஷம் பொங்கலே நின்றிருக்கிறது. பதினோரு கரையும் வாங்கி முடித்த பிறகு, தட்டில் ஒட்டியிருப்பதைத் தட்டி எடுத்துக்கொண்டு, “ஏ நீர்பாய்ச்சி” என்பார் பூசாரி. சேவுகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் இரண்டு கையையும் ஏந்துவார். அந்தக் கை மேல் படாமல் போடுவார் பூசாரி.

அதைப் பார்க்கும்போதெல்லாம் மணிமேகலைக்கு வயிறு எரியும். சேவுகனுக்கு எரியாது. வாங்கிய விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு, திருப்தியாக வீட்டுக்கு வருவார். அவருக்கு எரியவில்லையே என்பதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல்.

இந்த எரிச்சலை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்ய முடியும்? சண்டை போடலாம். ஊரை விட்டுப் போகலாம். அவள் ஒரு ஜனக்கூட்டத்தையே உண்டாக்கினாள்.

பேர் சுனையோர். ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாறைச் சுனைகளை ஒட்டி வாழ்ந்து, மண்ணோடு மண்ணாகிப் போனவர்கள். அப்படி யாரும் இருந்ததில்லை. எல்லாம் அவள் கற்பனை. ஆனால் அவர்கள் புழங்கிய சாமான்களை மட்டும் நிஜமாகவே செய்தாள். விருத்தாசலத்திலிருந்து பீங்கான் மண் மூட்டை மூட்டையாக லாரியில் வரும். கொல்லைப்புறத்தில் தானே செங்கல் அடுக்கிக் கட்டிய சூளை. ஒரு தடவை பற்றவைத்தால் தைலமரக் கட்டையை ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சாம்பலையே கரைத்துப் பூசினால் சுட்ட பிறகு பச்சையும் பழுப்புமாக ஒரு மினுமினுப்பு வரும், பாசி படிந்த மாதிரி. பார்க்கிறவன் சத்தியம் பண்ணுவான், இது பூமிக்குள் கிடந்தது என்று.

எட்டு வருஷம். சம்பளத்தில் பாதி மண்ணுக்கும் விறகுக்கும். பன்னிரண்டு மணை செய்தாள், எல்லாம் ஒரே உயரம், நூல் பிடித்த மாதிரி. ஒரு கோபக் கிண்ணம் செய்தாள். அகலமான கிண்ணம், எதிரும் புதிருமாக இரண்டு பிடி, ஒரு ஆளால் தூக்கினால் ஒரு பக்கம் சாய்ந்து கொட்டிவிடும். சுனையோரில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் இருவரும் சேர்ந்து தூக்கிக் கஞ்சி குடித்தால்தான் தீரும் என்று அதற்கு ஒரு அட்டை எழுதி வைத்தாள், மியூசியத்தில் எழுதுகிற மாதிரியே. ‘இடம்: சுனைக்கரை. காலம்: தெரியவில்லை, உத்தேசமாக 2300 ஆண்டுகளுக்கு முன்.’ இப்படி நாற்பது, ஐம்பது சாமான்.

எல்லாவற்றுக்கும் மேலே பன்னிரண்டு ஆட்கள். ஒவ்வொருவரும் முழ உயரம். நடுவில் ஒரு சால், வாய் அகன்ற பெரிய பானை. கோடையில் சுனை வற்றினால் மிச்சமிருக்கிற தண்ணீரை அந்தச் சாலில் ஊற்றி, பன்னிரண்டு பேரும் சுற்றி நின்று ஒரே நேரத்தில் கையை விட்டு அள்ளிக் குடிப்பார்களாம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொருள். அதைச் செய்யும்போது யோசித்துச் செய்யவில்லை அவள். ஒருவன் கையில் விளக்கு, ஒருவன் கையில் அரிவாள், மணி, குடை, சாமரம் என்று கை பாட்டுக்கு வந்தது. பன்னிரண்டாவது ஆளுக்கு மண்வெட்டி. அந்த முகம் மட்டும் அச்சு அசல் சேவுகன்.

வட்டமாக வைத்துப் பார்த்தால் முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. அந்த வட்டத்தில் தன் அப்பா நிற்பதை இந்த ஊர் ஒரு தடவை பார்க்க வேண்டும். அப்பாவும் பார்க்க வேண்டும். பார்த்து அவருக்கு ஏதாவது சுருக்கென்று தைக்க வேண்டும். இதுதான் அவள் ஆசை. விற்க வேண்டும், பேர் வாங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பவள விழா வந்தது. மூன்று நாள். தலைமையாசிரியர் பீட்டர் சார் ஆவூர்க்காரர். நல்ல மனுஷர். ஆனால் ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கிறது, அதனால் பல்லி கத்தினாலும் பயப்படுவார். அவரே கூப்பிட்டார்.

“டீச்சர், ஒன்பதாம் வகுப்பு ரூமைத் தாரேன். ஒங்க சாமானையெல்லாம் வைங்களேன். கலெக்டர் ஆபீஸ்லேருந்து ஆளு வாராங்க, நமக்கும் ஒரு கவுரவமா இருக்கும்.”

“வைக்கிறேன் சார். எனக்கு ஒரே ஒரு வட்ட மேசை மட்டும் வேணும்.”

“அதுக்கென்ன, லைப்ரரியில கெடக்கு, எடுத்துக்கங்க.”

மூன்று நாள் ராப்பகலாகத் தூக்கிச் சுமந்தாள். வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினாள். ‘சுனையோர். இது ஒரு கற்பனை மக்களின் கற்பனைப் பொருட்கள். செய்தவர் சே. மணிமேகலை.’ விழா அன்று காலை பன்னிரண்டு ஆட்களையும் அட்டைப்பெட்டியோடு அறைக்குள் வைத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வர வீட்டுக்கு ஓடினாள்.

திரும்பி வந்தால் வட்ட மேசையைக் காணோம். மேடையில் சிறப்பு விருந்தினருக்கு முன்னால் கிடந்தது, அதன் மேல் ஒரு பூங்கொத்தும் தண்ணீர் பாட்டிலும். அறையில் இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு, பன்னிரண்டு பேரையும் அதன் மேல் வரிசையாக நிறுத்தியிருந்தார் பி.டி. சார். அவர் கோட்டைப்பட்டினத்துக்காரர். இந்த ஊர்க் கரையும் தெரியாது, கண்றாவியும் தெரியாது. பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்து வைத்திருக்கிறார். நடுவில் இருக்க வேண்டிய தண்ணீர்ச் சாலைத் தூக்கித் தரையில் ஓரமாக வைத்துவிட்டார், கால் இடறும் என்று.

அரிவாள் முதலில் நின்றது. அப்புறம் குடை. மூன்றாவது விளக்கு. நாலாவது மணி. ஐந்தாவது மண்வெட்டி.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மறைத்துவிட்டுப் போனால் கதை பொய்யாகிவிடும். மணிமேகலைக்கு அப்போது நேரம் இருந்தது. ரிப்பன் வெட்ட இன்னும் அரைமணி. பெஞ்சை ஒதுக்கிவிட்டு, நாலு சாக்கை விரித்து, தரையிலேயே வட்டமாக வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை? அவள் வரிசையை எண்ணிப் பார்த்தாள். அப்பா ஐந்தாவது. அப்பாவுக்குப் பின்னால் ஏழு கரை நிற்கிறது. எட்டு வருஷமாக முதலும் வேண்டாம் கடைசியும் வேண்டாம் என்று மண்ணைக் குழைத்தவள், அந்த ஐந்தாவது இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. இருக்கட்டும், கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள். அவளும் மாங்கரைவயலில் பிறந்தவள்தானே.

ரிப்பன் வெட்டினார்கள். கூட்டம் உள்ளே வந்தது. முதல் கால்மணி நேரம் ரொம்ப நன்றாகப் போனது. “இதெல்லாம் நீயா செஞ்சே?” என்று பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். கோபக் கிண்ணத்தைப் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் அரவிந்த்குமார் வந்தான். இரண்டாம் கரை. முப்பத்திரண்டு வயசு, சிங்கப்பூரில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்து ஊரில் ஜேசிபி ஓட்டுகிறான். வரிசையைப் பார்த்தான். அரிவாளைப் பார்த்தான். போனை எடுத்துப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். ‘2300 ஆண்டுகளுக்கு முன்பே அரிவாள்தான் முன்னால்! ஆதாரம் நம் பள்ளியில்!’

பத்தே நிமிஷம். முதல் கரை அடைக்கலம் வந்துவிட்டார். அறுபது வயசு, வெள்ளை வேட்டி, பின்னால் இருபது பேர். அரவிந்த்குமாருக்குப் பின்னாலும் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். யார் யாரைத் தள்ளினார்கள் என்று தெரியவில்லை, இரண்டு மணை உடைந்தது. பீட்டர் சார் வியர்த்துப்போய் ஓடிவந்து, பெரியவர்களை மட்டும் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணிமேகலையையும் வரச் சொன்னார். நாற்காலி நாலுதான் இருந்தது. அவள் நின்றாள்.

“ஏத்தா, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்,” என்றார் அடைக்கலம். “வெளக்கு எங்க கரை. அருவா அவுக கரை. அருவா எப்ப வெளக்குக்கு முன்னாடி வந்துச்சு?”

“ரெண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கு முன்னாடி வந்துருக்கு பெரியப்பா,” என்றான் அரவிந்த்குமார். “அட்டையிலயே எழுதியிருக்கு. டீச்சர் படிச்சவுங்க, சும்மா எழுதுவாங்களா?”

“ஐயா, அது கற்பனைங்க,” என்றாள் மணிமேகலை. “அப்பிடி ஒரு சனமே கெடையாது. நானா நெனைச்சு நானா செஞ்சது. வாசல்லயே எழுதி வச்சிருக்கேனே.”

“வாசிச்சேன். எனக்குப் படிக்கத் தெரியாதா? கற்பனையாவே இருக்கட்டும். கற்பனையிலகூட எங்களை எதுக்கு மூணாவதா நிறுத்துற? நெசத்துல ஒரு வம்பு, கற்பனையில ஒரு வம்பா?”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

“அவுங்க வரிசையிலயே நிக்கமாட்டாங்க ஐயா. வட்டமா நிக்க வேண்டியவுங்க. மேசை இல்லாததுனால இப்பிடி வச்சுட்டாங்க. இந்தா, இப்பவே போயி வட்டமா வச்சுடுறேன்.”

அடைக்கலம் யோசித்தார். அரவிந்த்குமாரும் யோசித்தான்.

“வட்டமா நின்னா விபூதி எங்கேருந்து ஆரம்பிப்பாக?” என்றார் அடைக்கலம்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை மனுஷர். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் கொடுமை.

“விபூதியே கெடையாதுங்க. தண்ணிதான். எல்லாரும் ஒரே நேரத்துல கையை விட்டு அள்ளிக் குடிப்பாங்க.”

“எல்லாரும் ஒரே சால்லயா?” முகத்தைச் சுளித்தார். “என்ன சனமோ!”

மணிமேகலைக்குப் பொறுமை போய்விட்டது. “ஐயா, அதுல நீங்க யாருமே இல்லைங்க! உங்க கரையும் இல்லை, அவுக கரையும் இல்லை. அது வேற ஆளுங்க!”

“அப்ப வெளக்கு ஏது? அருவா ஏது? மணி, குடை, சாமரம், பதினோரு கரை சாமானும் ஒண்ணு விடாம இருக்கு. வேற ஆளுங்க கையில எங்க சாமான் எப்பிடி வந்துச்சு? நீதானே குடுத்த?”

அவர் சொன்னது நிஜம். அவள்தான் கொடுத்தாள். ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் தாண்டிப் போய், யாருமே பார்க்காத ஒரு ஜனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியும், அவர்கள் கையில் வைக்க அவளுக்கு வேறு பொருள் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து கோயில் வாசலில் பார்த்ததையே வைத்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

பீட்டர் சார் கையைப் பிசைந்தார். “ஒரு யோசனை. மூணு நாள் விழா. இன்னைக்கு வெளக்கு முன்னாடி இருக்கட்டும். நாளைக்கு அருவா முன்னாடி. மூணாம் நாள் ரூமைப் பூட்டிருவோம்.”

அதில் பேரம் நடந்தது. அரை மணி நேரம். முதல் நாள்தான் கலெக்டர் ஆபீஸ் ஆள் வருகிறார், ஆகவே முதல் நாள் யாருக்கு என்று ஒரு சுற்று. இரண்டு பேரும் ஒரே பலகையில் ஒட்டி நின்றால் என்ன என்று ஒரு சுற்று. அரிவாள்காரன் அரை விரல்கடை முன்னால் நிற்கிறான் என்று போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி ஒரு சுற்று. கடைசியில் திருவிழா வரிசை எப்படியோ அப்படியே மூன்று நாளும், அட்டையில் ‘முதல் கரை’, ‘இரண்டாம் கரை’ என்று பேரையும் எழுதிவிடுவது, அதற்குப் பதிலாக விழா மலரின் அட்டைப்படத்தில் அரிவாள் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். செய்தவள் நின்றுகொண்டே இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பி.டி. சாரிடம் சொல்லி ஆட்களை மாற்றி வைப்பதற்காக அடைக்கலம் போன் படத்தை விரலால் தொட்டு எண்ணினார். வெளக்கு, அருவா, மணி, குடை... பதினொன்று வந்தது. ஒன்று மிச்சம்.

“பன்னெண்டாவது யாரு? இந்த மம்பட்டி?”

அறையில் யாருக்கும் தெரியவில்லை. அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

“அது எங்க அப்பா,” என்றாள்.

இதுவரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேரும் அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரவிந்த்குமார் படத்தை மறுபடி பெரிதாக்கினான். ஐந்தாவது இடம். பின்னால் ஏழு கரை.

“டீச்சர்,” என்றான் மெதுவாக. “ஒங்களை நாங்க டீச்சராத்தான் மதிக்கிறோம். எங்க வீட்டுப் புள்ளைங்க ஒங்ககிட்டதான் படிக்குது. அதுக்காக இப்பிடியா?”

“ஒன் மனசுல இதுதான் இருந்துச்சா?” என்றார் அடைக்கலம். “எங்க ரெண்டு பேருக்கும் சண்டையை மூட்டி விட்டுட்டு, நடுவால ஒங்கப்பனைக் கொண்டாந்து நிறுத்துனியா?”

“நான் சாமானை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன் சார்,” என்றாள் மணிமேகலை பீட்டர் சாரிடம். “ஒண்ணும் வேணாம். ஒரு வண்டி மட்டும் சொல்லிவிடுங்க.”

“அவசரப்படாதீங்கம்மா. மே மாசம் கையெழுத்து நான்தான் போடணும். இவுங்க ஒரு மனு எழுதிக் குடுத்துட்டா நான் என்னம்மா செய்வேன்?” மிரட்டவில்லை அவர். கெஞ்சினார். மிரட்டியிருந்தால் தேவலை.

அடைக்கலம் தொண்டையைச் செருமினார். கோபம் தணிந்திருந்தது. ரெண்டாம் கரையோடு சமாதானமாகிவிட்ட சந்தோஷமோ என்னவோ, தாராளமாகப் பேசினார்.

“விடப்பா. சின்னப்புள்ள, தெரியாம செஞ்சுருச்சு. அந்த மம்பட்டி ஆளைக் கடைசியில வச்சுக்கட்டும். எல்லாத்துக்கும் அட்டை எழுதுறப்ப அதுக்கும் ஒரு அட்டை எழுதிருத்தா. சேவுகன்னு பேரு போட்டே எழுது. தண்ணி பாய்ச்சுற மனுசன், அவனுக்கும் ஒரு எடம் வேணும்ல. நாங்க என்ன மனுசங்க இல்லையா?”

“சூப்பர் பெரியப்பா,” என்றான் அரவிந்த்குமார். பீட்டர் சார் கண்ணை மூடிச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

எழுதமாட்டேன் என்றுதான் மணிமேகலை ஒன்பதாம் வகுப்பு அறைக்கு வந்தாள். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுகூட நினைத்தாள். பன்னிரண்டையும் ஒரே தள்ளில் தள்ளிவிட்டால் முடிந்தது. பி.டி. சார் அதற்குள் பெஞ்சில் சரியாக அடுக்கி முடித்திருந்தார், விளக்கு முதலில், மண்வெட்டி கடைசியில். எட்டு வெற்று அட்டையும் மார்க்கர் பேனாவும் ஓரத்தில் தயாராக இருந்தது. மிச்ச அட்டைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

பெஞ்சில் அவள் கை வைத்தபோது வாசலில் சத்தம் கேட்டது. சேவுகன். கண்மாய்க்கே போய் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து நேரே வீட்டுக்கு ஓடி, அவள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்து அவர் போடாமலே வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பட்டன் மாறிப் போயிருந்தது. கரைக்காரர்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

“என்ன சேவுகா, வா, உள்ள வா,” என்று கூப்பிட்டான் அரவிந்த்குமார். அவருக்கு மகன் வயசு. “ஒன்னையும் வச்சிருக்கோம், வந்து பாரு.”

“அப்பிடியாங்க?” என்றார். உள்ளே வந்தார். மகளிடம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், “பேரு போட்டா எழுதப் போறாக?” என்று கேட்டார்.

அவள் மார்க்கர் பேனாவைத் தள்ளி வைத்தாள்.

“பேரு போட்டாமே, ஆத்தா?”

“ஏப்பா, நான் செஞ்சதே வேறப்பா. நீ கடைசியில நிக்கக்கூடாதுன்னுதானப்பா செஞ்சேன். எட்டு வருசம் செஞ்சேன். வா, வீட்டுக்குப் போயிருவோம்.”

அவர் அவளை விளங்காமல் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். “சும்மா இருத்தா. பெரியவுக மனசு வந்து குடுக்குறாக. எழுது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா எங்கிட்டு இருக்குன்னு காட்டுனா தடவிப் பாத்துக்கிருவேன்ல.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் முடியும்? பேனாவை எடுத்தாள். டிராயிங் டீச்சர், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ‘சேவுகன், நீர்பாய்ச்சி’ என்று எழுதி மண்வெட்டிக்காரன் காலடியில் வைத்தாள். அடைக்கலம் பார்த்துத் தலையாட்டிவிட்டு வெளியே போனார். கூட்டமும் அவரோடு போனது. சேவுகன் அட்டையை விரலால் தடவினார், ஒவ்வொரு எழுத்தாக. அந்த ஆளின் முகத்தை உற்றுப் பார்த்தார். “நான்தேன்,” என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். பக்கத்தில் நிற்கும் பதினோராம் கரை ஆளைப் பார்த்தார், தன் ஆளைப் பார்த்தார், வாசலில் யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் மண்வெட்டிக்காரனின் இடுப்பைப் பிடித்து பெஞ்சின் ஓரத்துக்கு நகர்த்தப் பார்த்தார்.

“என்னப்பா செய்யிற? விடு, விழுந்துரும்.”

“ஒட்டி நிக்குதுத்தா,” என்றார் சேவுகன் பதறிப்போய். “அவுக மேல படுற மாதிரி நிக்குது. ஒரு சாண் தள்ளி வச்சாத்தான் மருவாதி. நாளைக்கு யாராச்சும் ஒரு சொல்லு சொல்லிட்டா எனக்குத்தான கேவலம்?”

மண் உருவம் பெஞ்சு நுனியில் ஆடியது. விட்டால் உடைந்துவிடும். மணிமேகலை இன்னொரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி, ஒரு சாண் தள்ளி வைத்தார்கள்.